இத்தா வீட்டுப் பூனை

நான் மன்னாருக்குப் போனது சங்கு வாங்க. ஆனால் யாராவது "மன்னார் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எனக்குச் சங்கு நினைவுக்கு வருவதில்லை, பூனைதான் வருகிறது. "ஒரு பூனை இருந்தது" என்று சொல்லிவிட்டு விழிப்பேன். கேட்டவரும் விழிப்பார். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது.

தூத்துக்குடியில் என் முதலாளிக்குச் சங்கு வியாபாரம். வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்கு மூட்டை மூட்டையாக அனுப்புவார். மன்னார்ப் பக்கம் வழக்கமாகப் போய்வருகிற ஆளுக்குக் காமாலை கண்டுவிட்டதால் அந்த வருஷம் என்னைக் கூப்பிட்டார். "அங்கேயும் தமிழ்தானேய்யா பேசுறான், உமக்கு என்ன கஷ்டம்?" என்றார். பேச்சு புரிந்தால் மனிதர்களும் புரிந்துவிடுவார்கள் என்று நம்பி நானும் கிளம்பினேன்.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறினேன். கரை மறைவதற்குள் வயிறு தன் வேலையைக் காட்டிவிட்டது. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரத் துரைசானி தன் புருஷனிடம் இங்கிலீஷில் சொன்னாள்: "பாவம், அந்த மனிதன் செத்துவிடுவான் போலிருக்கிறது. ஒரு பிஸ்கோத்து கொடுக்கலாமா?" துரை பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "வேண்டாம், செத்துவிட்டால் பிஸ்கோத்து வீண்" என்றார். எனக்கும் இங்கிலீஷ் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிவிக்கிற நிலையில் நான் இல்லை.

தலைமன்னாரில் ரயில் ஏறி, நடுவழியில் இறங்கி, எருக்கலம்பிட்டிக்கு மாட்டு வண்டி பிடித்தேன். பாதை என்று ஒன்று இல்லை. பனைகளுக்கு நடுவே மணல், அவ்வளவுதான். கொஞ்ச தூரத்தில் ஒரு கழுதைக் கூட்டம் குறுக்கே நின்றது. எங்கள் ஊரில் கழுதை என்றால் அதற்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான், அவனைத் திட்டலாம். இவை யாருக்கும் சொந்தமில்லாத கழுதைகளாம். வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். "விரட்டக் கூடாதா?" என்றேன். "அதுகளும் போகும்தானே" என்றார். அவை போகும் வரை வெயிலில் காய்ந்தோம்.

அங்கே எனக்குத் துணை காசிம் காக்கா. அண்ணனை அங்கே முஸ்லிம்கள் காக்கா என்பார்கள். சங்கு குளிக்கிற ஆட்களையும் தோணிகளையும் சேர்த்து எங்கள் முதலாளிக்கு வேலை செய்து கொடுப்பவர் அவர்தான். பருத்த உடம்பு, மெல்லிய குரல். எனக்கென்று ஒரு சின்ன வீட்டை ஒழித்து வைத்திருந்தார். ஓலைக் கூரை, மண் சுவர், சுற்றிலும் தென்னங்கிடுகு வேலி. நான் சைவச் சாப்பாட்டுக்காரன் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. முதல் நாள் இரவுக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் தன் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பினார்.

"ஒண்டுக்கும் யோசியாதீங்கோ பிள்ளை. பக்கத்து வீட்டிலயும் நல்ல ஆக்கள்தான்" என்று வேலிப் பக்கம் கையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல ஆட்கள் என்றால் பார்த்துப் பேசலாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான பெண்குரல் கத்தியது: "போ வெளிய! ஆம்புளப் பூனைக்கு இத்தா வீட்டில என்ன வேல? போ எண்டுறன்!" அடுத்த நொடி வேலிக்கு மேலாக ஒரு செம்மஞ்சள் பூனை பறந்து வந்து என் முற்றத்தில் விழுந்தது. பெரிய கடுவன். ஒரு காது கிழிந்திருந்தது. எழுந்து, நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல முதுகை நக்கிக்கொண்டது.

பூனையில் ஆண் என்ன, பெண் என்ன, இந்த அம்மாளுக்கு அதில் என்ன கோபம் என்று எனக்குப் புரியவில்லை. இத்தா என்றால் என்னவென்றும் தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. படிக்கிறவர்களையும் என்னோடு சேர்த்துத் திண்டாட விடுவது நியாயமில்லை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். புருஷனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பாள். அதுதான் இத்தா. அது முடிகிறவரை அவளை யாரும் பெண் கேட்கவும் கூடாது. பக்கத்து வீட்டில் இருந்தவள் செய்னம்பு என்கிற அப்படிப்பட்ட பெண். அவள் புருஷன் மீராசா வலை வள்ளம் வைத்திருந்தவன், காய்ச்சலில் போய்விட்டான். கத்திய குரல் மீராசாவின் தாயார் பாத்துமாவுடையது. மருமகளுக்குத் துணையாக வந்து இருந்தார். இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பூனை உப்புமாவை முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. அந்த அவமானத்தை நான் சொந்தமாகவே எடுத்துக்கொண்டேன். முருங்கன் பக்கத்திலிருந்து சட்டியில் வருகிற எருமைத் தயிர் அந்த ஊரில் கிடைத்தது. அதில் கொஞ்சம் வைத்தேன். நக்கிவிட்டு, என் தண்ணீர்க் குடத்தில் தலையை விட்டுக் குடித்தது. நான் அலறிக்கொண்டு குடத்தைக் கவிழ்த்தேன். அந்த நேரம் பார்த்து வந்த காசிம் காக்கா திகைத்துப்போய் நின்றார்.

"ஏன் பிள்ளை தண்ணிய ஊத்துறீங்கள்?"

"பூனை வாய் வச்சிட்டுதே!"

"பூனை குடிச்சாத் தண்ணிக்கு என்ன? அந்தத் தண்ணியில நாங்கள் கைகால் முகம் கழுவி ஒழுச் செய்து தொழுவம். இந்த வெயிலுக்க கிணத்தில இருந்து சுமந்த தண்ணி…" ஈரமான மணலை அவர் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் பூனை தொட்ட பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்போம். குறுக்கே போனால் பயணத்தையே தள்ளி வைப்போம். இங்கே அது பள்ளிவாசல் பாயில் படுத்து உறங்குகிறது. கடல் இரண்டு மணி நேரம்தான், அதற்குள் பூனையின் அந்தஸ்து இவ்வளவு மாறியிருந்தது.

பூனைக்குச் சுக்கான் என்று பெயர் என்று காக்காதான் சொன்னார். நடக்கும்போது வாலை வள்ளத்துச் சுக்கான் மாதிரி நிமிர்த்தி ஆட்டும். "ஆர் வச்ச பேர்?" என்று அவர் பேச்சையே திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். "அது… இருந்த ஒரு ஆள் வச்சது" என்று சொல்லிவிட்டுச் சங்குக் கொட்டிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

என் வேலை எளிது, நாற்றம்தான் பெரிது. குளித்து எடுத்த சங்கின் சதை அழுகிக் கழியும் வரை கொட்டிலுக்குப் பின்னால் போட்டிருப்பார்கள். ஓட்டை போட்ட ஒரு பலகையில் சங்குகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டைக்குள் நுழைந்துவிட்டால் அது குட்டிச் சங்கு, கடலுக்குத் திரும்பிப் போகும், நுழையாவிட்டால் எனக்கு. சங்குத் தோணிகள் நடுப்பகலுக்கு வந்துவிடும். பிறகு வீட்டுக்கு வந்து குளித்து, தயிரும் சோறும் பிசைந்தால், எங்கிருந்தோ சுக்கான் வந்து காலடியில் உட்காரும்.

அங்கே எனக்குப் பேச்சுத் துணை இல்லை. என்னைப் பிள்ளை, பிள்ளை என்று எல்லோரும் மரியாதையாக நடத்தினார்கள். ஆனால் நான் போய் உட்கார்ந்தால் அவர்கள் பேச்சு சங்கு விலைக்குத் திரும்பிவிடும். ஆகவே சுக்கானிடம் பேசினேன். என் மனைவி கோமதியைப் பற்றி, இரண்டு பெண் குழந்தைகளைப் பற்றி, முதலாளியின் கஞ்சத்தனத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். மதியத்தில் அது என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கும். பூனை பிடிக்காத ஆள் நான். ஆனாலும் அது வர ஒரு நாள் தாமதமானால் வேலி வரைக்கும் போய் எட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

இனித்தான் தட்டு வருகிறது. ஒரு நாள் மாலை, பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம், வேலியின் அடியிலிருந்த இடைவெளி வழியாக ஒரு எனாமல் தட்டு மெதுவாக என் முற்றத்துக்குள் நகர்ந்து வந்தது. ஒரு தென்னை மட்டையால் யாரோ தள்ளினார்கள். தட்டில் கொஞ்சம் சோறும், முள் எடுத்து அவித்த மீனும் இருந்தன. மட்டை பின்வாங்கிக்கொண்டது.

எனக்கு நெஞ்சே இளகிவிட்டது. பக்கத்து வீட்டு நல்ல ஆட்கள் நான் தனியாகக் கிடக்கிறேன் என்று சாப்பாடு அனுப்பியிருக்கிறார்கள்! அதுவும் முள்ளெல்லாம் எடுத்து! நான் மீன் சாப்பிடமாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது போலும். "ரொம்ப உபகாரம், அம்மா" என்று வேலியைப் பார்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. தட்டைத் திருப்பித் தள்ளினால் மனம் நோகுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சுக்கான் வந்து முழுவதையும் தின்றுவிட்டது. தட்டைக் கழுவி அதே வழியில் தள்ளிவிட்டேன்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் அவர்கள் எனக்குச் சமைப்பார்கள், நான் அதைப் பூனைக்குப் போட்டு ஏமாற்றுவேன். எனக்கு மனசாட்சி உறுத்தியது. வேறொன்றும் உறுத்தியது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். நான் பல நாட்களாக வெறும் தட்டை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்; இந்தியாக்காரனுக்கு மரியாதை தெரியாது என்று அல்லவா நினைப்பார்கள்?

வெள்ளிக்கிழமை வேலை இல்லை. மன்னார் பட்டினத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனேன். போகும்போது மணலில் ஒரு தடவை, வரும்போது இரண்டு தடவை சக்கரம் புதைந்தது. ஆனால் சந்தையில் நினைத்ததெல்லாம் கிடைத்தது. மாலையில் அதே எனாமல் தட்டைப் பளபளவென்று தேய்த்து, கவுளி வெற்றிலை, கொட்டைப் பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், கற்கண்டு எல்லாம் அடுக்கினேன். பெண்கள் இருக்கிற வீடு ஆயிற்றே என்று கோயில் வாசலில் வாங்கிய ஒரு முழம் மல்லிகைப்பூவை மேலே சுற்றி வைத்தேன். கோமதி பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள். தட்டை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அன்று தட்டை எடுத்தது செய்னம்பு அல்ல, மாமியார். "யா அல்லாஹ்!" என்று ஒரு சத்தம். பிறகு ஒரு பாத்திரம் விழுகிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் தேநீர்க் கடையில் நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. கொட்டிலில் குளியாட்கள் என் முகத்தைப் பார்க்காமல் சங்கை வைத்துவிட்டுப் போனார்கள். பள்ளிவாசல் லெப்பை, எப்போதும் "சுகமா பிள்ளை?" என்று கேட்கிறவர், மணலைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார். அன்று தட்டும் வரவில்லை. கற்கண்டு பழசாக இருந்ததோ என்று கூட யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காசிம் காக்கா வந்து என் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் மீசையைத் தடவினார்.

"பிள்ளை, ஊரில பொஞ்சாதி இருக்கிறாவோ?"

"இருக்கா. ரெண்டு பொண் குழந்தைகள். பெரியவளுக்கு…"

"சுகமா இருக்கிறாவோ? வருத்தம் கிருத்தம் ஒண்டும்…?"

"ஒரு குறையும் இல்லை" என்றேன். அவர் முகம் இன்னும் இருண்டது.

"அப்ப, எங்கட மார்க்கத்தில சேர ஏதும் விருப்பமோ?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வெளியூரில் யாருடைய மதத்தையும் குறைவாகப் பேசிவிடக் கூடாது என்று முதலாளி எச்சரித்திருந்தார். அதனால் தாராளமாகவே சொன்னேன்: "எல்லா மார்க்கமும் நல்ல மார்க்கம்தான். உங்க மார்க்கத்து மேல எனக்கு ரொம்பப் பிரியம்." காக்கா எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார். என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாகப் பேசி இவ்வளவு கெட்ட பலன் கண்டதில்லை.

திங்கட்கிழமை ஒரு குளியாளும் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கிறது. அதில் ஒரு தகரப் பெட்டியும் சுருட்டிய பாயும். உள்ளே பாத்துமாவின் குரல் வெடித்தது: "நான் சிலாவத்துறைக்கு மகள்ட வீட்ட போறன். எண்ட புள்ளட மண் காயமுதல் இந்தக் கூத்தப் பாக்கேலாது!" அதற்கு மேலே, அடக்கி அடக்கி அழுகிற ஒரு இளம் குரலும் கேட்டது. அத்தனை நாளில் அந்த இளம் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சுக்கான் என் காலுக்கு நடுவே வந்து ஒளிந்துகொண்டது.

கொட்டிலுக்கு ஓடி காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "காக்கா, நான் என்ன தப்பு பண்ணினேன்? சொல்லிவிட்டு அடியுங்கள்!"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகுதான் சொன்னார். இத்தா பற்றி, மீராசா பற்றி, செய்னம்பு பற்றி எல்லாம். "வெத்திலையும் கக்கண்டும் பழமும் பூவும் ஒரு பொம்புளைக்கு அனுப்பினா அதுக்கு என்ன கருத்து? பொண் கேக்கிறதுதானே! அதுவும் இத்தாவில இருக்கிறவளை! பாத்துமாம்மா இப்பிடிப் பாதியில விட்டுப்போட்டுப் போனா, ஊர் செய்னம்புவைத்தான் பிழை சொல்லும். பிறகு அந்தப் பிள்ளைக்கு இஞ்ச தலை நிமித்தேலாது."

"காக்கா, அவங்க எனக்குச் சாப்பாடு அனுப்பினாங்க. அதுக்கு மரியாதை பண்ணினேன்!"

"உங்களுக்கு ஆர் சாப்பாடு அனுப்பினது?"

"தினமும் வந்ததே, தட்டில், மீன்…"

"மீனோ? உங்களுக்கோ?" காக்காவின் கண்கள் மெதுவாக அகன்றன. "பிள்ளை, அந்தத் தட்டில கரையில பல்லுக் கடிச்ச மாதிரி ஒரு அடையாளம் இருக்குதோ?"

இருந்தது. எனாமல் உதிர்ந்து ஓர் ஓரம் நசுங்கியிருந்தது. நான் அதைப் பழைய தட்டு என்று நினைத்திருந்தேன். அது சுக்கானின் தட்டு. மாமியார் பூனையை விரட்டிவிட்டதால், அவர் தொழப் போகிற நேரம் பார்த்து மருமகள் அதற்குச் சாப்பாடு தள்ளியிருக்கிறாள். பூனையின் விருந்தை என் விருந்து என்று எண்ணி, பூனையின் சார்பில் ஒரு விதவைக்கு மல்லிகைப்பூ அனுப்பியிருக்கிறேன்.

வண்டி புறப்படுமுன்னே லெப்பையையும் ஊர்ப் பெரியவர்கள் இருவரையும் காக்கா அந்த வீட்டு வாசலுக்குக் கூட்டி வந்தார். கதவில் வெள்ளைத் திரை தொங்கியது. பாத்துமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே வண்டியின் அருகில் நின்றார். ஒடிசலான பெண், கண் மட்டும் கனன்றது. அத்தனை பேர் முன்னால், பாளையங்கோட்டைச் சைவ வேளாளனாகிய நான், பூனைச் சோற்றை என் சோறு என்று நினைத்தேன் என்று கைகூப்பி ஒப்புக்கொண்டேன்.

லெப்பை தாடியைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அப்ப அந்த மீனை என்ன செய்தனீங்கள்?"

"எறிந்தால் பாவம் என்று பயந்து பூனைக்குப் போட்டேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வண்டிக்காரர் கூட மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மானம் போனாலும் மூச்சு வந்தது. செய்னம்புவின் மேல் ஒரு சொல்லும் இனி நிற்காது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

பாத்துமா மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துத் திரும்பினார். "எனக்கு ஒளிச்சு அதுக்குச் சோறு போட்டனியோ?"

"ஓம் மாமி" என்றது திரைக்குப் பின்னால் இருந்த குரல்.

லெப்பை குறுக்கிட்டார். "பாத்துமாம்மா, கடுவன் பூனை வரப்படாதெண்டு மார்க்கத்தில ஒரு சட்டமும் இல்லை. ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல" என்றார் அவர். கனன்ற கண் அணைந்து, குரல் உடைந்துவிட்டது. "அஸருக்கு வள்ளங்கள் வாற நேரம் அது வாசல்ல வந்து குந்தும். எண்ட புள்ள மீனோட வருவான் எண்டு கடலைப் பாத்துக் கத்தும். அது விளங்காத சீவன். எனக்கு விளங்குதே, லெப்பை. நான் அதை எப்பிடிப் பாத்துக்கொண்டிருக்கிறது?"

அந்த அம்மாளைப் பற்றி நான் நினைத்திருந்ததையெல்லாம் நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது. பெட்டியைக் காக்காவே வண்டியிலிருந்து இறக்கி வைத்தார். பாத்துமாவும் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போகுமுன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, ஊருக்குப் போகேக்க அதை நீங்களே கொண்டு போங்கோ. உங்களோட நல்ல வாரப்பாடா ஒட்டிக்கொண்டுதானே திரியுது. இஞ்ச வேண்டாம்."

திரை லேசாக அசைந்தது. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் அவள் இல்லை என்பது எனக்கும் புரிந்தது. அப்படிப் புரிந்தும், உள்ளுக்குள் எனக்கு மகிழ்ச்சிதான். சுக்கான் என்னுடையது! கோமதி வீட்டுக்குள் விடுவாளா, கப்பலில் அதற்கும் வாந்தி வருமா என்றெல்லாம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

சங்கு மூட்டைகள் ஏறிப் போய், நானும் கிளம்புகிற நாள் வந்தது. பனையோலைக் கடகம் ஒன்றில் சுக்கானை வைத்து, மேலே இன்னொரு கடகத்தைக் கவிழ்த்துக் கயிறு கட்டினேன். பக்கத்து வீட்டைக் கடக்கும்போது "போய்ட்டு வர்றேன் அம்மா" என்றேன். "போயிட்டு வாங்கோ தம்பி" என்று பாத்துமாவின் குரல் வந்தது. சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். உட்பாதையில் மணல் அதிகம் என்று வண்டிக்காரர் கரையோரமாக ஓட்டினார். அங்கேயும் புதைந்தது.

அவரும் நானும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது வலை வள்ளங்கள் கரைக்கு வரத் தொடங்கின. கடகத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பூனை கத்துவதை நான் கேட்டிருக்கிறேன். இது அந்தக் கத்தல் இல்லை. குழந்தை ஒன்று ஆளைக் கூப்பிடுவது போல, விடாமல், இடைவெளி விட்டு விட்டு. தாளமுடியாமல் கயிற்றை அவிழ்த்தேன். தடவிக் கொடுக்கத்தான் நினைத்தேன்.

அது என் தோளை மிதித்துக்கொண்டு பாய்ந்து முதல் வள்ளத்துக்கு ஓடியது. முகர்ந்து பார்த்தது. அடுத்ததற்கு ஓடியது. அதற்கடுத்ததற்கு. ஒரு மீனவர் அதன் முன்னால் ஒரு மீனைப் போட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மீராசாட பூனை" என்று ஒருவர் சொன்னார். வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். கடைசி வள்ளம் வரைக்கும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் மணலில் நின்றது. பிறகு ஊரைப் பார்த்து ஓடத் தொடங்கியது. ரயிலை மறந்து நானும் கையில் கடகத்தோடு பின்னால் ஓடினேன்.

என் வீட்டுக்குத்தான் போகும் என்று நம்பினேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து, பக்கத்து வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியது.

மூச்சு வாங்க வேலியோரம் நின்றேன். திரையை விலக்கிக்கொண்டு பாத்துமா வந்தார். கையில் விளக்குமாறு இருந்தது. ஓங்கவில்லை. பூனையையும், வேலிக்கு வெளியே வெறும் கடகத்தோடு நிற்கிற என்னையும் பார்த்தார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருக்குமோ என்னவோ.

விளக்குமாறு கையிலிருந்து நழுவியது. அவர் வாசற்படியில், பூனைக்குப் பக்கத்தில், அப்படியே உட்கார்ந்தார். முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அவரும் கடலைப் பார்த்தார். கரையில் வள்ளங்களை இழுக்கிற சத்தம் கேட்டது. பூனை கத்தக் கத்த அதன் முதுகில் கை வைத்தார். "வரமாட்டான்டா" என்றார். "வரமாட்டான்."

அப்படி எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. போகவும் தோன்றவில்லை, நிற்கவும் உரிமையில்லை. திரைக்குப் பின்னாலிருந்து செய்னம்புவின் குரல் வந்தது.

"மாமி, பொழுதுபடுது. ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்கோ."